தூர்ப்புற்கள்: உயிரினங்களுக்கு இடம்தரும் தோட்டத்துக்கு ஓர் எளிய அறிமுகம்

புற்களை அவை பரவும் விதத்தை வைத்து ஏறத்தாழ இரண்டாகப் பிரிக்கலாம். அறுகம்புல் போன்றவை தரையோடு தரையாகத் தண்டை ஓடவிட்டு, கணுவுக்குக் கணு வேர்பிடித்து, கிடைத்த இடத்தையெல்லாம் மூடிக்கொள்கின்றன. வெட்டிவேர், எலுமிச்சைப்புல் போன்றவையோ இருந்த இடத்தை விட்டு நகராமல், அடியில் சிம்பு (பக்கத்தண்டு) வெடித்து, ஆண்டுக்கு ஆண்டு பருத்து ஒரே தூராகத் திரண்டு நிற்கின்றன. இந்த இரண்டாம் வகையைத்தான் தூர்ப்புல் என்று இக்கட்டுரை குறிப்பிடுகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புதிய சிம்பு வெளிவரும் விதத்திலேயே இருக்கிறது. பரவும் புல்லில் இளந்தளிர் தாய்த்தண்டின் இலையுறையை, அதாவது தண்டைச் சுற்றிப் பொதிந்திருக்கும் இலையின் அடிப்பகுதியை, பக்கவாட்டில் துளைத்துக்கொண்டு வெளியேறித் தரையில் ஓடுகிறது. தூர்ப்புல்லிலோ அது உறைக்குள்ளேயே தாய்த்தண்டை ஒட்டி நிமிர்ந்து மேலேறுகிறது. இப்படி ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான சிம்புகள் நிற்பதால்தான் முதிர்ந்த தூர் அவ்வளவு கெட்டியாக இருக்கிறது.

தோட்டத்தில் உயிரினங்கள் வந்து தங்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் பெரும்பாலும் பூச்செடிகளையும் பழ மரங்களையும்தான் முதலில் நினைக்கிறார்கள். அவை உணவு தருகின்றன என்பது உண்மையே. ஆனால் ஓர் உயிர் ஓரிடத்தில் நிலைப்பதற்கு உணவு மட்டும் போதாது. வெயிலுக்கும் குளிருக்கும் ஒதுங்கவும், முட்டையிடவும், கொத்தவரும் பறவையின் கண்ணில் படாமல் மறையவும் அதற்கு இடம் வேண்டும். தூர்ப்புல் அந்த இடத்தைத் தருகிறது. அதிலும் முக்கியமாக, நாம் அசிங்கம் என்று எண்ணி வெட்டி அகற்றத் துடிக்கும் காய்ந்த பகுதியே அந்த இடத்தைத் தருகிறது. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், தேர்வு, நடவு, பராமரிப்பு ஆகியவற்றில் எழும் பெரும்பாலான கேள்விகளுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

இரண்டு மூன்று ஆண்டுகள் வளர்ந்த ஒரு தூரைக் கைகளால் மெல்ல விலக்கிப் பார்த்தால் அதன் அமைப்பு விளங்கும். வெளியே பச்சை இலைகள் நீரூற்றுப் போல எழுந்து வளைந்து நான்கு புறமும் சரிகின்றன. அவற்றின் அடியில், சென்ற ஆண்டின் இலைகள் வைக்கோல் நிறத்தில் பாவாடை போலத் தரைவரை தொங்குகின்றன. இன்னும் உள்ளே, பழைய இலையுறைகள் அடுக்கடுக்காகக் காய்ந்து, தண்டுகளுக்கு இடையில் விரல் நுழையாத சந்துகளை உண்டாக்கியிருக்கின்றன. அடிமண்ணைத் தொட்டால், சுற்றிலும் தரை காய்ந்து கிடக்கும் நாளிலும் அங்கே ஈரம் இருக்கும். விலக்கிய கைக்குத் தப்பி ஒரு சிலந்தியோ ஒரு தரைவண்டோ உள்ளே ஓடுவதையும் பெரும்பாலும் காணலாம். காய்ந்த இலைகள் காற்றைச் சிறைப்பிடித்து வைப்பதால், வெளியே பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை எவ்வளவு மாறினாலும் தூரின் உட்பகுதியில் அந்த ஏற்ற இறக்கம் மிகவும் குறைவாகவே இருக்கும்.

பூச்சிகளுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதை வேளாண்மை ஆய்வொன்று தெளிவாகக் காட்டியது. இங்கிலாந்தில் 1980களின் பிற்பகுதியில், பரந்த தானிய வயல்களின் நடுவே மண்ணை நீள வரம்பாக உயர்த்தி, அதன்மேல் தூர்ப்புற்களை விதைத்துப் பார்த்தார்கள். டாக்டிலிஸ் குளோமெராட்டா என்ற அந்நாட்டுப் புல் அவற்றில் முக்கியமானது. இரண்டாம் குளிர்காலத்தில் அந்த வரம்புகளில் ஒரு சதுர மீட்டருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தரைவண்டுகளும் சிலந்திகளும் பிற இரைகொல்லிப் பூச்சிகளும் ஒதுங்கியிருந்தன. வசந்தம் வந்ததும் அவை வயலுக்குள் இறங்கிப் பயிரைத் தாக்கும் அசுவினிகளைத் தின்றன. வண்டு வரம்பு என்று பொருள்படும் பெயரில் இந்த முறை பின்னர் பரவலாகக் கடைப்பிடிக்கப்பட்டது. காய்கறிப் பாத்தியின் ஓரத்தில் நாலைந்து தூர்களை வரிசையாக நட்டுவைப்பது இதே ஏற்பாட்டின் சிறு வடிவம்தான். அசுவினிக்கு மருந்து தேடி அலைகிறவர்கள் இதை முதலில் செய்து பார்க்கலாம் என்பது என் கருத்து.

வண்ணத்துப்பூச்சிகளைப் பொறுத்தவரை ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. தேன் நிறைந்த மலர்களை நட்டால் போதும், அவை பெருகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். மலருக்கு வருவது முதிர்ந்த பூச்சி. அதன் புழு தின்பதோ பெரும்பாலும் இலை. பழுப்புச் சிறகில் கண் போன்ற பொட்டுகளைக் கொண்ட வண்ணத்துப்பூச்சிகளில் பெரும்பாலானவையும், விரைந்து துள்ளிப் பறக்கும் ஸ்கிப்பர் குடும்பத்தைச் சேர்ந்தவற்றில் கணிசமானவையும் புழுப்பருவத்தைப் புற்களின் மீதே கழிக்கின்றன. ஆஸ்திரேலியாவின் தெற்குப் பகுதிகளில் சாதாரணமாகக் காணப்படும் ஹெட்டரோநிம்பா மெரோப் என்ற பழுப்பு வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் உண்பவற்றில் அங்குள்ள தூர்ப்புற்களும் அடங்கும். எசெக்ஸ் ஸ்கிப்பர் என்ற ஐரோப்பிய வகையில், தாய்ப்பூச்சி கோடையில் விறைப்பான புல் தண்டின் இலையுறைக்குள் முட்டைகளைச் சரமாகச் செருகி வைக்கிறது. அந்த முட்டைகள் பொரிக்காமலே குளிர்காலம் முழுவதையும் அங்கே கழித்துவிட்டு, அடுத்த வசந்தத்தில்தான் பொரிக்கின்றன. இலையுதிர்காலத்தில் தோட்டத்தை ஒழுங்குபடுத்துகிறோம் என்று காய்ந்த தண்டுகளை அறுத்து எரிப்பவர், தம்மை அறியாமலே அடுத்த ஆண்டின் வண்ணத்துப்பூச்சிகளையும் சேர்த்து எரிக்கிறார்.

ஆனால் புல்லின் போதாமையையும் சொல்லியாக வேண்டும். புற்கள் காற்றினால் மகரந்தச் சேர்க்கை பெறுபவை. அவற்றின் பூக்களில் தேன் சுரப்பதில்லை. சில தேனீக்கள் அவ்வப்போது மகரந்தத்தை மட்டும் எடுத்துச் செல்வது உண்டு என்றாலும், தூர்களை மட்டும் நட்ட தோட்டத்தில் தேன் உண்ணும் பூச்சிகளுக்கு எதுவும் கிடைக்காது. ஆகவே தூர்களுக்கு இடையில் அந்தந்த மண்ணுக்குரிய சிறு பூச்செடிகளையும் சேர்த்தே நட வேண்டும். இயற்கையான புல்வெளிகளிலும் அப்படித்தான்: பெரிய தூர்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளில் கிழங்கு வகைகளும் சிறு பூண்டுகளும் வளர்கின்றன. அந்த இடைவெளியில் சிறிது வெறுந்தரையையும் விட்டுவைப்பது நல்லது. உலகிலுள்ள தேனீ இனங்களில் பெரும்பாலானவை கூட்டமாக வாழாமல் தனித்தனியே மண்ணில் துளையிட்டுக் குடியிருப்பவை. அரணைகளும் ஓணான்களும் வெயில் காய்வதற்கு இப்படிப்பட்ட திறந்த தரையைத் தேடி வருகின்றன, ஆபத்து என்றால் அடுத்த நொடியில் தூருக்குள் புகுந்துகொள்கின்றன.

பறவைகள் இரண்டு காரணங்களுக்காகத் தூர்ப்புற்களை நாடுகின்றன. சில்லை போன்ற சிறு பறவைகள் கதிரின் விதையைத் தின்கின்றன. எடை குறைந்தவை தண்டிலேயே தொற்றிக்கொண்டு கொறிக்கும், மற்றவை கீழே உதிர்ந்ததைப் பொறுக்கும். இரண்டாவது காரணம் கூடு. தூக்கணாங்குருவி நீண்ட இலையின் ஓரத்தில் அலகால் ஒரு வெட்டுப் போட்டு, அந்த இடத்தைப் பற்றிக்கொண்டு பறந்தே நாராகக் கிழித்தெடுக்கும். காய்ந்த மெல்லிய இலைகளைக் கூட்டின் உட்புறத்தில் மெத்தையாக இடும் பறவைகளும் பல. கதிர்கள் முற்றிய பிறகும் தண்டுகளை நிற்கவிட்டால்தான் இவையெல்லாம் நடக்கும்.

அடுத்தது, எந்தப் புல்லை நடுவது என்ற கேள்வி. அழகுக்காக விற்கப்படும் புல் எல்லாவற்றுக்கும் இந்தக் குணங்கள் ஓரளவு இருக்கலாம். ஆனாலும் அந்த நிலத்துக்கே உரிய புல்லைத் தேர்ந்தெடுப்பதற்கு இரண்டு வலுவான காரணங்கள் உண்டு. ஒன்று, இலை தின்னும் பூச்சிகள் தமக்குப் பழக்கமான புற்களையே தேடி முட்டையிடுகின்றன. மற்றது, இடம் மாறிய புல் கட்டுமீறிப் பெருகிவிடக் கூடும் என்பது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பாம்பாஸ் புல் அதன் பெரிய வெண்சாமரக் கதிர்களுக்காகப் பல நாடுகளுக்கும் கொண்டுசெல்லப்பட்டு, கலிபோர்னியா, ஸ்பெயின், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய இடங்களில் இன்று அகற்ற முடியாத களையாக நிற்கிறது. தோட்ட வேலிக்குள் அடங்கி நிற்கும் செடிதானே என்று நினைப்பதில் பயனில்லை; அதன் விதைகள் காற்றில் பல கிலோமீட்டர் பறந்து செல்லக் கூடியவை.

பெயரைக் கேட்டு மட்டும் வாங்காமல், செடியை உற்றுப் பார்த்து அடையாளம் காணக் கற்றுக்கொள்வது இந்தத் துறையில் மிகவும் பயன்படும். நியூசிலாந்தின் சொந்தப் புல்லான டோய்டோயையும் பாம்பாஸையும் தூரத்திலிருந்து பார்த்தால் பிரித்தறிவது கடினம். தூரின் அடியைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்: பாம்பாஸின் காய்ந்த இலைகள் இழைப்புளியில் சீவிய மரச்சுருள் போலச் சுருண்டு கிடக்கும், டோய்டோயின் இலைகள் அப்படிச் சுருள்வதில்லை. ஆஸ்திரேலியாவில் இதைவிட ஆபத்தான குழப்பம் ஒன்று உண்டு. நாசெல்லா டிரைக்கோடோமா என்ற தென் அமெரிக்கக் களைப்புல், அங்குள்ள போவா என்னும் சொந்தத் தூர்ப்புல்லைப் போலவே தோற்றமளிக்கிறது. ஓர் இலையைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினால் களையின் இலை ஊசியைப் போலத் தடையின்றி உருளும். நுனியிலிருந்து அடிநோக்கி விரலை ஓட்டினால் சிறு ரம்பப் பற்கள் தட்டுப்படும். போவாவின் இலை மடிந்த வடிவில் இருப்பதால் அவ்வாறு வழுவழுப்பாக உருளாது. உங்கள் நிலத்துப் புல் வேறாக இருக்கலாம், ஆனால் அதற்கும் இப்படி ஏதேனும் ஓர் இரட்டைப்பிறவி இருக்கக் கூடும் என்பதால், வாங்குவதற்கு முன் அடையாளக் குறிப்புகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சொந்த மண்ணின் புல் என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தீமெடா டிரையாண்ட்ரா என்ற புல் ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா என்று மூன்று கண்டங்களில் இயற்கையாக வளர்கிறது. ஒரே இனம்தான் என்றாலும், ஒவ்வொரு பகுதியிலும் அது அங்குள்ள மழைக்கும் வெப்பத்துக்கும் ஏற்றவாறு தன்னைத் தகவமைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே இனத்தின் பெயர் பொருந்தினால் மட்டும் போதாது; விதையோ நாற்றோ கூடியவரை அருகிலுள்ள இயற்கைப் புல்வெளியின் வழிவந்ததாக இருப்பது நல்லது. அதற்காகக் காட்டிலிருந்து தூரைப் பெயர்த்துக்கொண்டு வரக் கூடாது. எஞ்சியிருக்கும் புல்வெளிகள் ஏற்கெனவே சுருங்கிக்கொண்டிருக்கின்றன. பல நாடுகளில் அப்படி எடுப்பது சட்டத்துக்குப் புறம்பும்கூட.

புற்களில் குளிர்பருவ வகை, வெப்பப்பருவ வகை என்று இரண்டு உண்டு. ஒளிச்சேர்க்கை செய்யும் முறையே அவற்றில் வேறுபடுகிறது. போவா, டாக்டிலிஸ் போன்ற குளிர்பருவப் புற்கள் இதமான வெப்பநிலையில் நன்றாக வளர்ந்து, கடும் வெயிலில் சோர்ந்துவிடுகின்றன. தீமெடா, ஊசிப்புல், வெட்டிவேர் போன்றவை வெப்பத்தில் வேகமாக வளர்ந்து, குளிர் மாதங்களில் காய்ந்து உறங்குகின்றன. தொடக்க நிலையிலுள்ளவர்கள் தமது புல் எந்த வகை என்பதை அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டும், ஏனெனில் விதைப்பதும் தூர் பிரிப்பதும் வெட்டுவதும் இதைப் பொறுத்தே அமைகின்றன. பொதுவான விதி எளிது: அந்தப் புல் வளரத் தொடங்கும் பருவத்தின் வாசலில் வேலையைச் செய்யுங்கள், உறங்கும்போது தொந்தரவு செய்யாதீர்கள்.

மண் விஷயத்தில் காய்கறித் தோட்டத்தில் கற்ற பழக்கத்தைக் கைவிட வேண்டியிருக்கும். இப்புற்களில் பல சத்துக் குறைந்த நிலத்துக்குப் பழகியவை. தொழு உரமும் ரசாயன உரமும் போட்டால் அவற்றைவிடக் களைகளே முந்திக்கொண்டு எழும்பும், புல்லும் கொழுத்து வளர்ந்து தண்டு தாங்காமல் சாய்ந்துவிடும். உரத்துக்குச் செலவழிக்க நினைத்த உழைப்பைக் களையெடுப்பதில் செலவழிப்பது பயன்தரும். நடுவதற்கு முன்பே ஓடும் தண்டுள்ள புற்களை வேரோடு அகற்றிவிடுங்கள். தூருக்குள் அறுகு புகுந்துவிட்டால் அதைத் தனியே பிரித்தெடுப்பது ஏறக்குறைய நடவாத காரியம். வெயில் நன்றாக விழும் இடமே பெரும்பாலான தூர்ப்புற்களுக்கு ஏற்றது. நிழலையும் நிற்கும் ஈரத்தையும் பொறுப்பவை சிலவே.

விதையிலிருந்து வளர்ப்பது மலிவு, ஆனால் பொறுமை வேண்டும். பல காட்டுப்புற்களின் விதைகள் உதிர்ந்தவுடன் முளைப்பதில்லை. தீமெடா விதைகளைச் சில மாதங்கள் உலர்வாக வைத்திருந்த பிறகே முளைப்புத் திறன் கூடுகிறது, புகை படுவதும் அதற்கு உதவுகிறது. தீ பரவும் புல்வெளியில் பிறந்த புல்லுக்கு அது இயல்பே. இந்த விதைகளில் பார்க்க வேண்டிய அதிசயம் ஒன்று உண்டு. ஊசிப்புல்லின் விதையை எடுத்துப் பாருங்கள்: ஒரு முனையில் கூர்மையான நுனி, மறுமுனையில் முறுக்கிய நீண்ட மீசை. உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், சற்று நேரத்தில் மீசை முறுக்கு அவிழ்ந்து சுழலத் தொடங்கும். காய்ந்தால் மறுபடியும் முறுக்கிக்கொள்ளும். தரையில் விழுந்த விதை இரவின் ஈரத்திலும் பகலின் வெயிலிலும் மாறி மாறிச் சுழன்று, தன்னைத்தானே மண்ணுக்குள் திருகிக்கொள்கிறது. விதைப்பவர் மீசையோடு கூடிய விதையை மண்ணின் மேல் பரப்பி, லேசாக மூடினாலே போதும் என்பது இதிலிருந்து புலப்படும். வளர்ப்பு நாய் பூனை உள்ளவர்கள் மட்டும் இந்த மீசைக்காரப் புற்களைத் தவிர்ப்பது நல்லது. அதே திருகாணி அவற்றின் காதிலும் விரலிடுக்கிலும் இறங்கிவிடும்.

விரைவாகப் பலன் வேண்டுமென்றால் தூர் பிரித்து நடலாம். வளர்ந்த தூரைத் தோண்டியெடுத்து, இலைகளை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிவிட்டு, கூரிய மண்வெட்டியாலோ பழைய ரம்பத்தாலோ துண்டுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது ஐந்தாறு சிம்புகளும் நல்ல வேரும் இருக்க வேண்டும். வேர் காயும் முன் நட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. நடும்போது தூரின் கழுத்து, அதாவது வேரும் தண்டும் சேரும் இடம், மண் மட்டத்திலேயே இருக்கட்டும், ஆழப் புதைத்தால் அழுகும். மண்ணை மூடப் பரப்பும் சருகு போன்ற மூடாக்கையும் கழுத்தில் முட்டவிடாமல் சற்றுத் தள்ளியே போடுங்கள். இடைவெளியை முதிர்ந்த தூரின் அகலத்தைக் கணக்கிட்டு விடுங்கள்: முழங்கால் உயரப் புல்லென்றால் சதுர மீட்டருக்கு நான்கைந்து போதும், இடுப்பளவு வளர்ந்து ஒரு மீட்டர் அகலத்துக்குச் சரியும் வகையென்றால் ஒன்றே போதும். முதல் ஆண்டில் இடம் வெறிச்சோடித் தெரியும். அவசரப்பட்டு நெருக்கி நட்டால், மேலே சொன்ன திறந்த தரை பின்னர் கிடைக்காமலே போய்விடும். வேர் பிடிக்கும் வரை, அதாவது முதல் பருவம் முழுவதும், தண்ணீர் ஒழுங்காகக் கிடைக்க வேண்டும். அதன்பின் ஆழமாக இறங்கும் வேர்கள் தாமே பார்த்துக்கொள்ளும். புல்வெளிப் புற்களில் சிலவற்றின் வேர் இரண்டு மீட்டர் வரை செல்கிறது.

இனி வெட்டுவது பற்றி. காய்ந்த பகுதியே குடியிருப்பு என்றால் வெட்டவே கூடாதா என்ற கேள்வி எழும். அப்படியும் இல்லை. பல தூர்ப்புற்கள் மேய்ச்சலோடும் தீயோடும் சேர்ந்து வளர்ந்தவை. அவற்றின் வளர்முனை நுனியில் இல்லாமல் அடியில் இருப்பதால் மேலே இழந்ததை மீண்டும் வளர்த்துக்கொள்கின்றன. எந்த இடையூறும் இல்லாமல் விட்டுவிட்டால் சருகு சேர்ந்து சேர்ந்து, வெளிச்சம் அடிவரை இறங்காமல், புதிய சிம்பு வெடிப்பது குறைந்துவிடும். தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் பத்து ஆண்டுகளுக்கு மேல் தீயோ வெட்டோ படாமல் கிடந்த தீமெடாத் தூர்கள் தம் சருகுக்கடியிலேயே மடிந்துபோனது பதிவாகியிருக்கிறது. ஆக, பூச்சிக்குச் சருகு வேண்டும், புல்லுக்கு வெளிச்சம் வேண்டும். இரண்டையும் நிறைவேற்றும் வழி, ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் வெட்டாமல், மூன்றில் ஒரு பங்கை மட்டும் முறைவைத்து வெட்டுவது. அப்போது எந்த ஆண்டிலும் தோட்டத்தில் புதுத்தூர், நடுத்தூர், அடர்ந்த பழந்தூர் மூன்றும் இருக்கும். ஓரிடம் இழந்த உயிர் பக்கத்துத் தூருக்கு நகர்ந்துவிடும்.

வெட்டும் காலம் விதை உதிர்ந்த பின், புதுத்தளிர் எழுவதற்குச் சற்று முன். பறவைகள் கூடுகட்டும் மாதங்களை அறவே தவிர்க்க வேண்டும். பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் அடியை விட்டுக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள், அதற்கு முன் தூரை ஒரு குச்சியால் தட்டிவிட்டுச் சிறிது நேரம் காத்திருந்தால் தவளையோ அரணையோ இருந்தால் விலகிப்போகும். இயந்திரத்துக்கு இந்தப் பொறுமை கிடையாது என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வெட்டியதை உடனே எரிக்கவோ மக்கவிடவோ வேண்டாம். தளர்வான குவியலாக ஓரத்தில் சில வாரங்கள் கிடக்கட்டும், உள்ளே இருப்பவை வெளியேறிக்கொள்ளும். எல்லா வகையையும் வெட்ட வேண்டியதும் இல்லை. என்றும் பச்சையாக இருக்கும் மெல்லிலைத் தூர்களைக் கையுறை அணிந்து விரல்களால் கோதிவிட்டாலே வேண்டாத சருகு வந்துவிடும்.

தூர்ப்புல் என்றதும் பாம்பு வருமே என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது, ஏனெனில் தவளையும் எலியும் ஒதுங்கும் இடத்துக்கு அவற்றைத் தின்பவையும் வரலாம். ஆகவே உயரமான தூர்களை வாசலையும் நடைபாதையையும் குழந்தைகள் விளையாடும் இடத்தையும் விட்டுத் தள்ளியே நடுங்கள். பாதை ஓரத்தில் கணுக்கால் உயரத்தைத் தாண்டாத குட்டை வகைகள் போதும். காட்டுத்தீ அச்சமுள்ள பகுதிகளில் வீட்டுச் சுவரை ஒட்டி எந்தத் தூரும் வேண்டாம், சற்றுத் தொலைவில் இருப்பவற்றையும் தீப்பருவத்துக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். புல் மகரந்தம் ஒவ்வாதவர்கள் படுக்கையறை சன்னலுக்குக் கீழே நடாமல் இருந்தால் சரி.

தரையில் இடமில்லாதவர்கள் ஆழமான தொட்டியில் ஒரே ஒரு தூரை வளர்க்கலாம். அகலத்தைவிட ஆழமே அங்கு முக்கியம், அடித்துளை அடைபடாமல் இருப்பதும் முக்கியம். சில ஆண்டுகளில் தொட்டியிலும் சரி, தரையிலும் சரி, தூரின் நடுப்பகுதி பட்டுப்போய் வெளிவட்டம் மட்டும் பச்சையாக நிற்கும் நிலை வரும். அது நோயன்று, முதுமை. வெளிவட்டத்தின் உயிருள்ள சிம்புகளைப் பிரித்துப் புதிய இடத்தில் நடுங்கள். பட்டுப்போன நடுப்பகுதியை உடனே தோண்டியெறியாமல் அடுத்த பருவம் வரை அப்படியே விட்டுவைத்தால், புதிய தூர்கள் அடர்வதற்குள் அதில் குடியிருப்பவற்றுக்குப் போக்கிடம் இல்லாமல் போகாது.